பன்னிரண்டு வோல்ட் நிலா

— மணி மூணுதானுங்க ஆகுது. அதுக்குள்ள இத்தனை இருட்டு.

— கோத்தகிரிப் பக்கம் எப்படி?

— அங்கயும் இதே மிஸ்ட்தான். ஜீப்புக்கு முன்னால ரோடே தெரியலை.

— லைட்டைப் போடட்டுமா பிலோமி?

— எந்த லைட்டை?

— மேல இருக்கற டியூப்லைட்டைத்தான். நான் செஞ்சதில்லை. எஸ்டேட்ல போட்டுக் குடுத்தது.

— சரி, போடுங்க.

— உக்காரு. டீ வெக்கறேன்.

— உக்கார வரலைங்க. ஆஷ்லியோட மிச்சத் துணி, ஸ்கூல் ஷூ, அவ படிக்கற படக்கதை பைபிள். எடுத்துட்டுக் கெளம்பிருவேன். அண்ணன் மேல எஸ்டேட் கேட்டுப் பக்கத்துல ஜீப்போட நிக்கறான்.

— ஹெர்பர்ட் ஊட்டுக்கு வர மாட்டாராமா?

— உங்க மூஞ்சில முழிக்க மாட்டானாம்.

— சரி.

— என்ன சரி?

— சரின்னா சரிதான். வேற என்ன சொல்லட்டும்? ஆஷ்லி எங்க?

— பக்கத்து ஊட்ல. ஸ்ரீமதி கூப்புட்டா. அவங்க நாய் குட்டி போட்டிருக்குதாம்.

— என்னைப் பாக்காமயே போயிட்டாளா?

— உங்களைன்னு இல்லை. வாசப்படி வரைக்கும் வந்தா. ஊட்டையே பாத்துட்டு நின்னா. அப்புறம் அங்க ஓடிட்டா.

— எளைச்சிருக்காளா?

— தூங்குனாத்தான உடம்பு தேறும். எங்கம்மா ஊட்ல எல்லா லைட்டையும் போட்டுத்தான் படுக்க வெக்கறோம். முழிச்சே கெடக்கறா. அண்ணன் நைட் லேம்ப் வாங்கிட்டு வந்தான். மொதல்ல ஒரு பச்சை பல்பு. அப்புறம் முயல் மாதிரி ஒண்ணு. எதுவும் வேண்டாங்கறா. நிலாதான் வேணுமாம்.

— எங்கிட்டயும் கேட்டா.

— எப்போ?

— போன்ல. நீ அவகிட்டப் போனைக் குடுத்துட்டு உள்ள போயிருவியே, அப்போ.

— என்ன கேட்டா?

— "டாடி, நிலா செத்துப் போச்சா?"ன்னு கேட்டா.

— நீங்க என்ன சொன்னீங்க?

— இல்லைன்னேன். வேற செஞ்சு தர்றேன்னேன்.

— சும்மா சொன்னீங்களா, செஞ்சிட்டீங்களா?

— ம்.

— ஏனுங்க, செஞ்சே போட்டீங்களா?

— உள் ரூம்ல மாட்டியிருக்கு. இன்னும் கரண்ட் குடுக்கலை. நீ பாத்து, சரின்னு சொன்னாத்தான் குடுப்பேன்.

— உள் ரூம்லயா? அதே ரூம்லயா?

— ஊடே ரெண்டு ரூம்தான பிலோமி.

— எம்புள்ளை ஜோயலைப் போர்வையோட தூக்கிட்டு வந்து போட்டீங்களே, இந்த எடம். இதோ நான் நிக்கறனே, இங்கதான். இங்க நின்னுட்டு என்னை நிலா பாக்கச் சொல்றீங்க.

— பாக்க வேண்டாம். அவுக்கச் சொன்னா அவுத்துப் போடறேன்.

— சுவத்துக்கு யாரு வெள்ளையடிச்சது?

— நான்தான். எஸ்டேட்ல சுண்ணாம்பு குடுத்தாங்க. மூணு கை அடிச்சும் கரி தெரியுது. மழை வந்தா வாசமும் வருது.

— எனக்கும் வருது. இப்போ.

— கதவைத் தொறந்து வெக்கட்டுமா?

— வேண்டாம். கையைக் காட்டுங்க.

— ஆறிருச்சு.

— காட்டுங்கன்னா. இந்த வெரலு மடங்குதா?

— பாதி மடங்கும். ஸ்க்ரூ டிரைவர் புடிக்க முடியுது.

— ஸ்க்ரூ டிரைவர் புடிக்கத்தான் உங்களுக்குக் கை. சர்ச்சுக்கு ஸ்டார், குடிலுக்கு லைட்டு, ஸ்ரீமதி ஊட்டு மீன் தொட்டிக்கு லைட்டு. கல்யாணமான புதுசுல எங்கம்மா கேட்டாங்க, ஞானசீலன் தேயிலை ஃபாக்டரில ஸ்டோர் கீப்பரா, இல்லை லைட்டுக் கடை வெச்சிருக்காரான்னு. நான் சிரிச்சேன்.

— அந்த ஸ்டாரைப் பாக்க உங்க ஆர்சி சர்ச் ஃபாதரே எங்க சபைக்கு வந்தார்.

— வந்தாரு. அவரு வந்து நின்னதும் அது படபடன்னு மின்ன ஆரம்பிச்சது. உங்க பாஸ்டர் ஜெபத்தைப் பாதியில நிறுத்திட்டு அண்ணாந்து பாத்தாரு. ஆர்சி ஆளு வந்தா உங்க ஸ்டாரு மெரளுதான்னு ஃபாதர் கேட்டாரு.

— கன்ட்ரோலர் பழுது அன்னிக்கு.

— எப்பவும் ஏதோ ஒண்ணு பழுது உங்களுக்கு.

— அன்னிக்கு ரொம்பச் சிரிச்சது நீதான்.

— சிரிச்சேன். இந்த வருசமும் செய்யச் சொல்லிக் கேட்டாங்களா?

— இல்லை. சர்ச் ஸ்டோர் ரூம் சாவியைத் திருப்பி வாங்கிட்டாங்க. மரியாதையாத்தான் கேட்டாங்க. ஃபாக்டரியிலயும் யாரும் எங்கிட்ட ரிப்பேருக்கு எதையும் குடுக்கறதில்லை. ஒருத்தன் டார்ச் லைட்டு எரியலைன்னு தட்டிட்டிருந்தான். நான் பக்கத்துல போனதும் பாக்கெட்ல போட்டுக்கிட்டான்.

— கல்லறைக்குப் போறீங்களா?

— ஞாயித்துக்கெழமை போறேன்.

— என்ன பண்ணுவீங்க அங்க?

— களை புடுங்குவேன். பூ வெச்சா நிக்கறதில்லை, காட்டு மாடு வந்து தின்னுட்டுப் போயிருது. சுத்தி எல்லாக் கல்லறைக்கும் சோலார் லைட்டு நட்டிருக்காங்க. என்னையும் கேட்டாங்க. நான் நடலை.

— நடாதீங்க.

— அவனுக்கு இருட்டுன்னா பயமில்லை. ஆஷ்லிக்குத்தான்.

— ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இன்னிக்காச்சும் சொல்லுங்க. ஏன் எரிஞ்சுது?

— தெரியலை.

— தெரியலை, தெரியலை. ஸ்டேஷன்ல அதே. ஆஸ்பத்திரில அதே. மண்ணுப் போட்டுட்டு வந்து எங்கப்பா கேட்டப்பவும் அதே. பேப்பர்ல மின்கசிவுன்னு போட்டான். அது ஒரு காரணமா? எங்க என்ன எரிஞ்சாலும் அதே வார்த்தையத்தான் போடறான்.

— வயரிங் பாக்க வந்தவரும் அதைத்தான் சொன்னார். எங்க கசிஞ்சுது, எப்படிக் கசிஞ்சுதுன்னு கேட்டேன். எல்லாம் கரியாக் கெடக்குது, இதுல என்னத்தைப் பாக்கறதுன்னுட்டார்.

— அடாப்டர் மட்டமா வாங்குனீங்களா?

— இல்லை. ஐஎஸ்ஐ முத்திரை இருந்துச்சு. ரோட்டோரத்துல குவிச்சு வெச்சு விப்பானே எடையே இல்லாத டப்பா, அது இல்லை. கோயமுத்தூர்ல ஆறுச்சாமி கடையில, பத்தைத் தூக்கிப் பாத்து ஒண்ணை எடுத்தேன். நல்லதுன்னா கைல கனம் தெரியும்.

— தாங்க மாட்டாத அளவுக்கு லைட்டைப் போட்டீங்களா?

— ரெண்டு ஆம்ப் அடாப்டர். நிலாவுக்கு வேண்டியது முக்கால் ஆம்ப். பாதிகூட இல்லை. நான் எப்பவும் அப்படித்தான பண்ணுவேன், ஒண்ணு வேணும்னா ரெண்டு தாங்கறதை வெப்பேன்.

— வயரு?

— தடி வயரு.

— அண்ணன் சொல்றான், ஜாயிண்ட்டுல வெறும் டேப்பைச் சுத்தி விட்டிருப்பான்னு.

— ஹெர்பர்ட்டுக்கு என்ன தெரியும்? ஒவ்வொரு ஜாயிண்ட்டும் ஈயம் உருக்கி சால்டர் வெச்சது. மேல ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டி இறுக்குனது. டேப்பையே தொடலை. இந்த மலையில டேப்பு நிக்காது. ஈரத்துல பசை ஊறி, தானாப் பிரிஞ்சுக்கும். இது எனக்குத் தெரியாதா?

— எலி கடிச்சிருக்கும்ங்கறா ஸ்ரீமதி.

— வயரு பைப்புக்குள்ள போச்சு. எலி பல்லு வெக்க எடமே இல்லை.

— அடாப்டரை எங்க மாட்டியிருந்தீங்க?

— தலைமாட்டு பிளக் பாயிண்ட்டுல. நீதான் தெனம் பெருக்குனியே, பாத்திருப்ப. சுத்தி ஒரு முழத்துக்கு ஒண்ணும் இல்லை. திரை இல்லை, துணி இல்லை. அதுக்குக் காத்துப் பட்டுட்டே இருக்கணும், இல்லேன்னா சூடு உள்ளயே தங்கிரும். அதுக்காகத்தான் தொறந்த சுவத்துல வெச்சேன். அப்படியே அது எரிஞ்சாலும் அங்கிருந்து மெத்தைக்கு எப்படி வந்துச்சு? அதுதான் எனக்குப் புடிபடலை.

— வந்துச்சே.

— வந்துச்சு.

— ஆஷ்லி இருமிட்டே வந்து என் காலைப் புடிச்சு இழுத்தா. நீங்க குறட்டை விட்டுட்டுக் கெடந்தீங்க. அவ வரலேன்னா அவளும் இல்லை.

— தெரியும்.

— ஜோயல் போர்வைய முழுசா இழுத்துப் போத்திக்குவான். எத்தனை தரம் சொல்லியிருப்பேன், மூக்கை வெளிய வெச்சுப் படுன்னு.

— பிலோமி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

— சொல்லுங்க.

— நீங்க ரெண்டு பேரும் போனப்புறம் அதே அடாப்டரை வாங்குனேன். அதே கடை, அதே மாடல். அதே எல்இடி பட்டை, அதே நீளம். அதே பாயிண்ட்டுல மாட்டி ஓட விட்டேன். ஒரு பக்கெட் மண்ணை வெச்சுட்டுப் பக்கத்துல உக்காந்துட்டேன்.

— எதுக்கு?

— எரியுதான்னு பாக்க.

— என்னங்க இது.

— ஃபாக்டரிக்கு லீவு போட்டுட்டு உக்காந்தேன். ஈரத் துணியால தொடைச்சுப் பாத்தேன். வோல்டேஜ் ஏறி எறங்கறப்ப விட்டுப் பாத்தேன். இடி இடிச்சப்பவும் கழட்டலை. கையை வெச்சா இளஞ்சூடு. அவ்வளவுதான். எரிய மாட்டேங்குது பிலோமி. எரிய வெக்க என்னென்னமோ பண்ணுனேன். எரிய மாட்டேங்குது.

— சாப்புட்டீங்களா அப்பல்லாம்?

— ஸ்ரீமதி ஊட்ல குடுத்தாங்க.

— அந்த அடாப்டர் எங்க?

— மிதிச்சுப் போட்டேன்.

— இப்பச் செஞ்சதுக்கு எதை வெச்சிருக்கீங்க?

— அடாப்டரே உள்ள இல்லை. வேண்டாம், நீ அங்க போகாத. இங்கிருந்தே சொல்றேன். பவர் சப்ளை ஊட்டுக்கு வெளிய இருக்கு. பின் சுவத்துல. செங்கல்லு, எரியாது. இரும்புப் பொட்டிக்குள்ள வெச்சிருக்கேன்.

— மூடுனா சூடு தங்கும்னீங்க.

— அதனாலதான் பொட்டிக்கு அடியில ஓட்டை, பக்கத்துல மேல ஓட்டை. காத்துக் கீழ போயி மேல வரும். மேல தகரம் சாய்ச்சுப் போட்டிருக்கு, மழை எறங்காது. ஊட்டுக்குள்ள வர்றது வெறும் பன்னெண்டு வோல்ட்டு.

— அது எரியாதா?

— எரியும். ஷாக் அடிக்காது, ஆனா ரெண்டு வயரும் ஒட்டுனா எரியும். பன்னெண்டு வோல்ட்டுத்தானன்னு எல்லாரும் அங்கதான் ஏமாறுவாங்க. அதுக்குத்தான் பொட்டிக்குள்ளயே ஒரு ஆம்ப் ஃபியூஸ். ஒட்டுன உடனே போயிரும். அப்புறம் சூடு அளவு தாண்டுனா தானா அணைக்கற ஸ்விட்ச் ஒண்ணு. குண்டுமணி அத்தனைதான் இருக்கும். பவர் சப்ளை மேலயே ஒட்டியிருக்கேன்.

— வேற?

— வெளிய இருந்து உள்ள வர்றதால வயரு நீளம் ஆயிருச்சு. அதனால இன்னும் தடியாப் போட்டேன். மெலிசாப் போட்டா வயரு சூடாகும், நிலாவும் மங்கும். மெயின்ல கசிஞ்சா விழுந்துக்கற ட்ரிப்பர். மச்சுல புகை வந்தா கத்தற டப்பா. ஜன்னல் இடுக்குல அடைச்சிருந்த துணியெல்லாம் எடுத்துட்டேன்.

— குளிருமே.

— குளிரட்டும். அன்னிக்கு அது இல்லேன்னா புகை கொஞ்சமாச்சும் வெளிய போயிருக்கும்.

— நான்தான அடைச்சேன்.

— எல்லா ஊட்லயும் அடைக்கறாங்க. அந்தப் பனியில யாரு அடைக்காம இருந்தா?

— பேட்டரில ஓடற மாதிரி பண்ணியிருக்கலாமே. கரண்ட்டே வேண்டாம்ல.

— பண்ணலாம். பேட்டரியும் எரியும் பிலோமி. நல்லாவே எரியும்.

— இந்த ஃபியூஸு, ஸ்விட்சு, கத்தற டப்பா. இதெல்லாம் அப்பவே வெச்சிருக்கலாமே.

— வெச்சிருக்கலாம்.

— ஏன் வெக்கலை?

— தேவைன்னு தோணலை. சின்ன லைட்டு. முக்கால் ஆம்ப்.

— முக்கால் ஆம்ப்.

— ம்.

— ஏனுங்க, நான் ஒளிக்காமச் சொல்றேன். எங்கம்மா ஊட்ல இனி இருக்க முடியாது. அண்ணி மூஞ்சி மாறிருச்சு. ஆஷ்லி தெனம் நம்ம ஊட்டுக்குப் போலாம், நம்ம ஊட்டுக்குப் போலாம்ங்கறா. எனக்கும் வந்தரலாம்னுதான் இருக்கு. ஜீப்ல இருந்து எறங்கறப்பக்கூட அண்ணன்கிட்டச் சொன்னேன், கொஞ்சம் இரு, பேசிப்போட்டு என்னன்னு சொல்றேன்னு.

— வந்துரு பிலோமி.

— எப்படி வர்றது? தப்புப் பண்ணுன மனுசனோட இருந்தரலாம். திட்டிப்போட்டு, அழுதுபோட்டு, எப்படியோ இருந்தரலாம். ஏன் எரிஞ்சுதுன்னே தெரியாத ஊட்ல அவளை எப்படிப் படுக்க வெப்பேன்? நீங்க பத்துப் பூட்டுப் போடுங்க. எந்தக் கதவுக்குன்னு தெரியாமப் போடறீங்க. அன்னிக்கு வந்தது எதுன்னு தெரியலேன்னா அது இன்னும் இங்கதான இருக்குது? சுவத்துக்குள்ள இருக்கா, உங்க பொட்டிக்குள்ள இருக்கா?

— நான் முழிச்சிருக்கேன். தெனம் நான் அந்த ரூம்ல உக்காந்துக்கறேன்.

— எத்தனை வருசத்துக்கு?

— முடியற வரைக்கும்.

— பேச்சைப் பாரு. காரணத்தைச் சொல்லுங்க, இருக்கேன். இல்லேன்னா எடுத்துட்டுக் கெளம்பறேன். இதுக்கப்புறம் துணி எடுக்கக்கூட வர மாட்டேன். ஆஷ்லியப் பாக்கணும்னா நீங்க அங்க வந்துக்கங்க. அண்ணன் விட்டா.

— பிலோமி.

— ஹாரன் அடிக்கறான் பாருங்க. ஷூ எங்க இருக்கு?

— கட்டிலுக்கு அடியில. இரு.

— விடுங்க என் கையை.

— ஹெர்பர்ட் சொன்னதுதான்.

— எது?

— டேப்பு.

— என்ன டேப்பு?

— ஒரு ஜாயிண்ட்டு. அடாப்டர்ல இருந்து வர்ற வயரு. அதுல மட்டும் சால்டர் வெக்கலை. முறுக்கி டேப்பைச் சுத்தி விட்டேன்.

— இப்பத்தான எல்லாம் சால்டர்னீங்க.

— சொன்னேன்.

— டேப்பையே தொடலைன்னீங்க.

— சொன்னேன்.

— ஏன் அப்படிப் பண்ணுனீங்க?

— ஈயம் தீந்து போச்சு. கடைக்குப் போகணும். ஜோயல் காலைக் கட்டிட்டு நின்னான். நிலா எப்ப வரும், எப்ப வரும்னு. அப்புறம் மாத்திக்கலாம்னு விட்டுட்டேன்.

— அப்புறம்?

— மறந்துட்டேன். ஈரத்துல பிரிஞ்சிருக்கும். ஒட்டிப் பொறி விழுந்திருக்கும்.

— மெத்தை மேலயா?

— மெத்தை மேலதான்.

— வயரு பைப்புக்குள்ள போச்சுன்னீங்களே.

— கடைசிக் கொஞ்சம் வெளிய இருந்துச்சு.

— என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

— டேப்புதான் பிலோமி.

— இத்தனை நாளா ஏன் சொல்லலை?

— சொன்னா நீ போயிருவியோன்னு.

— நான் போயிட்டேனே.

— ஆமா.

— ஒரு டேப்பு. எம்புள்ளைக்கு ஒரு டேப்பு.

— அடிக்கணும்னா அடி.

— எதுக்கு? எங்கைதான் வலிக்கும். அந்தப் பக்கம் திரும்பிக்கங்க. கொஞ்ச நேரம் அழுதுக்கறேன். தொடாதீங்க.

— சரி.

— பேசவும் வேண்டாம்.

— ம்.

— சரி, போதும். அந்தப் போனை எடுங்க. அண்ணா, நான்தான். நீ கெளம்பு. ஆமா, இங்கதான் இருக்கப் போறேன். சொல்லிட்டாரு. நீ சொன்னியே, அதேதான். டேப்பு. கத்தாத அண்ணா. கத்தாத. இது எங்க ஊட்டு விசயம், நான் பாத்துக்கறேன். அம்மாகிட்ட நாளைக்குப் பேசறேன். மிஸ்ட்டுல பாத்துப் போ.

— என்னங்கறார்?

— அப்பவே சொன்னேன்லங்கறான். இனி கோத்தகிரி முழுக்கச் சொல்லுவான்.

— சொல்லட்டும்.

— உங்க வேலைக்கு ஒண்ணும் வராதுல்ல?

— வந்தா பாத்துக்கலாம். நீ இருக்கியா?

— இருக்கேன். இப்பத்தான் மூச்சு விட முடியுது. உங்க மேல கோவம் எப்பத் தீரும்னு தெரியலை. ஆனா அது என்னன்னு தெரிஞ்சு போச்சு. பால் இருக்கா?

— இருக்கு.

— டீ நான் வெக்கறேன். நீங்க போயி அதுக்குக் கரண்ட் குடுங்க.

— இப்பவேயா?

— இப்பவே. டீ கொதிக்கறதுக்குள்ள. இல்லேன்னா என் மனசு மாறிரும்.

— ஒரு தரம் எல்லாத்தையும் சரி பாத்துட்டுப் போடறேன்.

— பாருங்க. டேப்பு எதுவும் இல்லைல்ல?

— இல்லை.

— ஆஷ்லீ! ஆஷ்லிக் கண்ணு! ஊட்டுக்கு வா! இன்னிக்கு நாம போகலை!

— மம்மி, அஞ்சு குட்டி! அஞ்சும் கண்ணைத் தொறக்கலை. ஒண்ணு மட்டும் கறுப்பு. அதை யாரும் எடுக்கலைன்னா எனக்காம்.

— கையைக் கழுவிட்டு வா. அப்புறம் பாக்கலாம்.

— டாடி.

— வா கண்ணு.

— உங்க கை ஏன் பளபளன்னு இருக்கு?

— புதுத் தோலு. இப்பத்தான் வளருது. உள்ள போயிப் பாரு, என்ன இருக்குன்னு.

— ஊதாதீங்க மம்மி டீயை, வாங்க, வாங்க! நிலா! நிலா சாகலை மம்மி!

— ஆமா கண்ணு.

— நம்ம மேனேஜர் அங்கிள் தலை மாதிரியே இருக்கு.

— அப்படிச் சொல்லக் கூடாது.

— நீங்க சிரிக்கறீங்க.

— நான் ஒண்ணும் சிரிக்கலை.

— டாடி, இதை எதுல செஞ்சீங்க?

— பழைய பெயிண்ட் டப்பா மூடி. வெள்ளையா, பிளாஸ்டிக்ல இருக்குமே, அது. பின்னால வட்டமா பட்டை ஒட்டியிருக்கேன்.

— நான் இதுக்குக் கீழயே படுத்துக்கட்டுமா?

— படுத்துக்க. டீ குடிச்சுட்டு நாங்களும் வர்றோம்.

— கண்ணு சொக்குது பாருங்க இவளுக்கு. சாயங்காலம்கூட ஆகலை.

— விடு, தூங்கட்டும்.

— டாடி, டப்பா எங்க?

— எந்த டப்பா?

— நிலாவோட டப்பா. இங்க சுவத்துல இருந்துச்சே. குட்டியா ஒரு செவப்பு லைட்டு எரியுமே.

— அது இனி உள்ள இல்லை. வெளிய வெச்சுட்டேன்.

— நான் பாக்கணும்.

— செருப்பைப் போட்டுக்க, காட்டறேன். பிலோமி, நீயும் வா. ஒரு தரம் பாத்துக்க.

— வர்றேன். சேலையெல்லாம் நனையுது. எங்கங்க இருக்கு?

— இதோ. இந்தப் பொட்டிதான். இது வெளிய இருந்தா உள்ள எதுவும் வராது.

— கனமாத்தான் இருக்குது.

— டாடி, தொடலாமா?

— மேல மட்டும். இன்னிக்கு ஒரு தரம். அப்புறம் தொடவே கூடாது.

— டாடி, இதுவும் சுடுது.

— இளஞ்சூடுதான் கண்ணு. வேலை செஞ்சா அப்படித்தான் இருக்கும்.

— போதும் ஆஷ்லி, கையை எடு.

— இல்லை மம்மி, தொட்டுப் பாருங்க. இதுக்கும் காய்ச்சல். அன்னிக்கு உள்ள இருந்த டப்பாவுக்குக் காய்ச்சல் அடிச்சப்ப நானும் ஜோயலும் என் குல்லாவை மாட்டி, டாடி மஃப்ளரை நல்லாச் சுத்தி விட்டுட்டுத்தான் தூங்குனோம். இது பெருசா இருக்கே, இதுக்கு எதைச் சுத்தறது டாடி?